சேலை புதைத்த கல்லறை

மானாம்பதியிலிருந்து பெருநகர் போகிற ரோட்டில், ஏரிக்கரை இறக்கத்தில் ஒரு காலனி. காலனிக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதரை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். தோட்டம் என்று பெயர்தானே தவிர, ஒரு பூச்செடி கிடையாது. அங்கே படுத்திருப்பவர்கள் எல்லோரும் அறுவடைக்கும் நடவுக்கும் போய் ஓய்ந்தவர்கள். ஒரே ஒரு கல்லறையில் மட்டும் ஆள் இல்லை. சிமெண்டு பூசி, மேலே கடப்பாக்கல் மூடி, சிலுவை நட்டு, ‘ஜெயப்பிரியா’ என்று பெயரும் எழுதிய அந்தக் கல்லறைக்குள் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பச்சைச் சேலை. அவ்வளவுதான்.

ஜெயப்பிரியா, அந்தக் காலனியில் குடியிருக்கும் மலர்க்கொடியின் அண்ணி. அண்ணன் வசந்த்குமார் சூடான் தேசத்தில், கார்ட்டூம் நகரத்தில், பிஸ்கட் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்தான். பெண்டாட்டி பிள்ளையையும் அங்கேயே அழைத்துக்கொண்டான். அந்த ஊரில் இரண்டு படைகள் தெருவுக்குள்ளேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மேலும் ஒரு குண்டு விழுந்தது. பஸ்ஸும் கப்பலும் ஏரோப்ளேனும் மாறி அவன் ஊர் வந்து சேர்ந்தபோது தோளில் மகள் நிஷா மட்டும் கிடந்தாள். ஆறு வயது. அவள் அம்மாவின் பச்சைச் சேலையில் சுற்றியிருந்தான்.

“குண்டு வுய்ந்த நிமிசமே போய்ட்டா. ஒண்ணியும் தெரிஞ்சிருக்காது அவளுக்கு” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். யாரும் தோண்டிக் கேட்கவில்லை. பிறகு பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

கல்லறை கட்டுகிற யோசனை மலர்க்கொடியுடையது. அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குக் காலனிப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் தங்கள் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்க, நிஷா மட்டும் கையில் வத்தியோடு நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைப் பார்த்தபோதுதான் மலர்க்கொடிக்கு அந்த யோசனை வந்தது. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் துணியை வைத்துப் புதைப்பது அந்தப் பக்கத்தில் உண்டு. மலர்க்கொடியின் புருஷன் தமிழரசன் கொத்தனார். கூலியில்லாமல் தானே கட்டினான். வைக்கத் துணி வேண்டுமே. இருந்தது அந்த ஒரு பச்சைச் சேலைதான். பிள்ளை அதை விடவே மாட்டாள். தூங்கும்போது மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் அவளையும் கல்லறைக்கு அழைத்துப்போய், அவள் எதிரிலேயே பெட்டியை இறக்கிக் கல் மூடிப் பூசிவிட்டு, “உங்கம்மா இங்கதான் தூங்கறாங்க கண்ணு. இனிமே நீ எப்ப வேணா வந்து பாக்கலாம்” என்றாள் மலர்க்கொடி.

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தாள். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அன்றிலிருந்து நிஷாவுக்குத் தூக்கம் போயிற்று, கோபம் வந்தது. சும்மா சிணுங்குகிற கோபம் இல்லை. சோற்றுத் தட்டு சுவரில் பறக்கும். தலை சீவ வந்த கையில் பல் பதியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் காதைப் பிடித்துத் தரையில் அழுத்தி, “கேளுடீ, கேளு” என்று கத்தியிருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் பிள்ளை மிரளும் என்று மலர்க்கொடி பயந்து, மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். நிஷா மிரளவில்லை. சரவெடி படபடக்கும்போது கல்லாக இருந்தாள். வெடித்து முடித்ததும், அந்த ஓய்ந்த நேரத்தில்தான் உடம்பு விறைத்தது. கழுத்தைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். மலர்க்கொடிக்குத் தன் மடியில் இருப்பது யார் என்றே ஒரு நொடி தெரியவில்லை.

கல் விஷயம் நடந்தது தீபாவளிக்கு அப்புறம், ஒரு விடிகாலையில்.

தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். வாசலோரம் போகும் இரும்புப் பைப்பில் நிஷா ஒரு கூழாங்கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு தட்டு. தட்டிவிட்டுப் பைப்பில் காதை வைப்பாள். இது தினமும் நடப்பதுதான். அடிபம்பு, கேஸ் சிலிண்டர், ஜன்னல் கம்பி, எதையும் விடமாட்டாள். அன்றைக்குப் பைப் பதில் சொன்னது. டக் டக்... டக்.

அடுத்த நொடி அவள் கத்திய கத்தலில் குடங்களை விட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். வீட்டுப் பின்பக்கம், பைப் வளைகிற இடத்தில், மலர்க்கொடியின் ஐந்து வயது மகள் இந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி பிளந்து ரத்தம். பக்கத்தில் கூழாங்கல். நிஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், மூச்சு மட்டும் இரைத்தது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது இந்து, “நான் ஒண்ணியும் பண்லமா. அவ தட்னா, நானும் டக்கு டக்குன்னு தட்னேன்” என்று அழுதாள். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

வீட்டுக்கு வந்ததும் தமிழரசன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“தபாரு மலரு. உங்கண்ணன் கொயந்த, நானும் கொயந்தயா தான் பாத்தேன். இல்லன்னு சொல்லு பாக்கலாம்?”

“யாரு இல்லன்னா?”

“கல்லு ஒரு வெரக்கட எறங்கியிருந்தா இந்துவுக்குக் கண்ணு போயிருக்கும். நாளைக்கி இன்னா பண்ணுவா, தெரியுமா உனக்கு? செங்கல்பட்டாண்ட சிஸ்டருங்க ஹாஸ்டல் ஒண்ணு கீது. பேசிட்டேன். கல்லறத் திருநா முடியட்டும். அடுத்த நாளே இட்டுக்கினு போய் வுட்டுடறேன்.”

“அங்க போனா மட்டும் சரியாப் பூடுமாயா?”

“ஆவுதோ ஆவலியோ. நம்ம வூட்ல ஒரு கொயந்த முயுசா இருக்கணும்ல?”

மலர்க்கொடி திரும்பினாள். நெற்றியில் கட்டோடு தூங்குகிற மகளைப் பார்த்தாள். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு விழித்திருக்கிற அண்ணன் மகளைப் பார்த்தாள். இரண்டும் பெண். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைத் தள்ளிவிடச் சொன்னால் எந்தக் கையால் தள்ளுவது?

மறுநாள் சம்பாப் பயிரில் களையெடுப்பு. வானம் மூட்டம் போட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி தூறிக்கொண்டிருந்தது. முழங்கால் சேற்றில் குனிந்த பெண்கள் வரிசை கோரையைப் பிடுங்கிப் பிடுங்கிச் சேற்றில் மிதித்து முன்னேறியது. மலர்க்கொடிக்குப் பக்கத்தில் செங்கேணி. ஏரிக்கரை இருளர் குடிசையில் இருப்பவள். களையெடுப்பாள், எலி வளை வெட்டுவாள், விறகு பொறுக்குவாள், வாய் மட்டும் எந்த வேலையிலும் ஓயாது. அன்றைக்கு ஓய்ந்திருந்தது.

“இன்னாக்கா, வாயில கொயக்கட்டயா?” என்றாள் மலர்க்கொடி.

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுக்கா.”

செங்கேணி வரிசையில் கொஞ்சம் பின்தங்கினாள். மலர்க்கொடியும் பின்தங்கினாள்.

“நேத்து உச்சி வெயில் நேரம்... வெயில் எங்க இருந்துச்சு, மப்பு தான். வெறவுக்கு உங்க கல்லறப் பக்கம் போனேன். ஒரு காக்கா குருவி இல்ல. தட்ற சத்தம் கேட்டுச்சு மலரு.”

“எங்கருந்து?”

“உங்கண்ணி கல்லறயிலருந்து. டக் டக்குங்குது, நிக்குது. அப்பால ஒண்ணு. ஆளுன்னு பாத்தா ஆளு இல்ல. வெறவ அங்கியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

“பாம்பக் கையில புடிக்கிறவ நீ. நீயா ஓடியாந்த?”

“பாம்பு இன்னா பண்ணும்? கடிக்கும். அவ்ளோதான்” என்றாள் செங்கேணி. சிரிப்பு வரவில்லை இருவருக்கும். “நான் மட்டும் சொல்லல. மாடு மேய்க்கறதுங்களும் சொல்லுதுங்க. ஜெயப்பிரியா கொயந்தயக் கூப்புடறா, அதான் அது அப்டி ஆடுதுன்னு.”

மதியம் வரப்பில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். கேழ்வரகுக் களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மலர்க்கொடி ஒரு உருண்டையை எடுத்தவள் வாயில் போடாமலே எழுந்தாள்.

“எங்க போற?”

“தோ வரேன்.”

ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் இருந்தால் சத்தம் இருக்க வேண்டும். அன்றைக்குத் தவளைகூடப் பேசவில்லை. வேலிக்காத்தானை விலக்கிக்கொண்டு உள்ளே போகும்போதே கேட்டுவிட்டது. டக் டக்... டக். ஏசுவே, ஏசுவே என்று மலர்க்கொடியின் வாய் தானாகச் சொன்னது. கல்லறையின் முன்பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கம் சுற்றி வந்தாள்.

நிஷா கல்லறையின் பின்சுவரை ஒட்டி, நீளவாட்டில், ஈர மண்ணில் படுத்திருந்தாள். பள்ளிச் சீருடை முழுக்கச் சேறு. காது சுவரில். கையில் கல். சுவரின் ஒரு விரிசலில் பாதி இட்லி திணித்திருந்தது.

“நிஷா.”

“ஷ்ஷ்... அத்தே. அம்மா தட்றாங்க. கேளு.”

அடிக்கத்தான் மலர்க்கொடி கையை ஓங்கினாள். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை கோபம் இல்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. ஓங்கிய கை இறங்கியது. சேற்றில் மண்டிபோட்டு, அவளும் காதை வைத்தாள்.

சிமெண்டின் குளிர்ச்சி. தன் ரத்தத்தின் இரைச்சல். அப்புறம், நிச்சயமாக, உள்ளேயிருந்து ஒரு தட்டு. தகரத்தின் மேல் எதுவோ மோதுகிற மாதிரி.

மலர்க்கொடி அலறிப் பின்னால் விழுந்தாள்.

“கேட்டுச்சுல்ல?” என்றாள் நிஷா. முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. “உனக்கும் கேட்டுச்சுல்ல அத்தே?”

“கேட்டுச்சுடி.”

“அங்கயும் தட்டினாங்க. தண்ணி மோட்டர் போட அம்மா கீய போனாங்க. குண்டு வுய்ந்துச்சு. படி இல்ல. அம்மா பைப்ப தட்டினாங்க. நான் மேல பாத்ரூம்ல இருந்து தட்டினேன். தட்டிக்கினே இருந்தோம். நான் தூங்கிட்டேன். முயிச்சா பஸ்ஸுல கீறேன்.” அவள் குரல் ஏறத் தொடங்கியது. “நைனா தூக்கிக்கினு வந்துட்டாரு. அம்மா தட்டிக்கினே இருந்தாங்க, வுட்டுட்டு வந்துட்டாரு. கேட்டா, அப்பவே செத்துட்டாங்கன்றாரு. பொய். நீ இங்க தூங்கறாங்கன்ன. இங்கயும் தட்றாங்க. நீங்கதான உள்ள வெச்சு மூடினீங்க? மேல கல்லு வெச்சு மூடினீங்க!”

கல் பறந்து மலர்க்கொடியின் தோளில் பட்டது. அவளுக்கு வலிக்கவில்லை. செய்த காரியம் இப்போதுதான் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. உயிரோடு இருப்பதாக நம்புகிற ஒருத்தியை, அவள் பிள்ளையின் கண் எதிரில், சிமெண்டு குழைத்துப் பூசி அடைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அதைப் பார்க்கவும் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அந்தப் பிள்ளை யாரைத்தான் கடிக்காமல் இருக்கும்?

“தொறக்கலாம்” என்றாள். “இப்பவே தொறக்கலாம்டி.”

செங்கேணியின் எலி வளை வெட்டுகிற கடப்பாறை எப்போதும் வரப்பில் கிடக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு, “நீ தனியாப் போய் அத எப்டி நெம்புவ?” என்று முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். இரண்டு பேரும் கல்லின் விளிம்பில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார்கள். அசையவில்லை. யார் போய்ச் சொன்னார்களோ, தமிழரசன் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு, கலவை காய்ந்த கையோடு ஓடி வந்தான். பின்னாலேயே இந்து, நெற்றிக் கட்டோடு.

“ஏய், பைத்தியமாடி உனக்கு? நாளான்னிக்கித் திருநா. உபதேசியாரு பாத்தா இன்னா சொல்லுவாரு?”

“சொல்லிக்கினு போவட்டும். நீதானயா கட்ன? நீயே தொற.”

“எதுக்கு?”

“அவங்கம்மா உள்ள உசிரோட கீறான்னு நெனச்சிக்கினு கீதுயா அது. நாமதான் நெனைக்க வெச்சோம்.”

தமிழரசன் நிஷாவைப் பார்த்தான். அவள் கல்லின் மறு விளிம்பில் விரல் நுழைத்து, நகம் பிய்ந்து ரத்தம் வர, தூக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. கல்லோ இரண்டு ஆள் கனம். கடப்பாறையை வாங்கிக்கொண்டான். பூச்சு எங்கே இளகும் என்று கட்டினவனுக்குத் தெரியாதா? நாலு குத்து குத்தி, கடப்பாறையைத் தோளால் அழுத்தினான். கல் புரண்டது.

உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று பாய்ந்து, செங்கேணியின் கால்மேல் ஏறி, புதருக்குள் ஓடியது.

“பெருச்சாளி!” என்று கூவினாள் செங்கேணி. “அடப் பாவி, நீதானா? இம்மாம் பெரிய வங்கு தோண்டிக்கீது பாரு, இட்லி தின்னே கொயுத்துக்கீது. வாலால தகரத்துல அடிச்சிருக்கும்.” மூச்சு வந்து அவள் சிரிக்கவும் செய்தாள். “எத்தினி எலி வெட்டியிருக்கேன், என்னியே ஓட வெச்சுட்ட!”

மற்றவர்கள் சிரிக்கவில்லை. தகரப் பெட்டி துருவேறிக் கிடந்தது. நிஷா குழிக்குள் இறங்கினாள். மூடியைத் தானே திறந்தாள். மேலே ஓரமாகப் பூசணம் பிடித்த பச்சைச் சேலை. அதை எடுத்து மார்போடு அணைத்தாள். பெட்டிக்குள் கை விட்டுத் துழாவினாள். பெட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் மண்ணைப் பறித்துப் பார்த்தாள்.

“அம்மா எங்க?”

தூறல் தகரத்தில் சொட்டியது.

“எங்கம்மா எங்க?”

மலர்க்கொடி மடியிலிருந்து போனை எடுத்து மஸ்கட்டுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே வசந்த்குமார், “இன்னா மலரு, டூட்டில கீறேன்” என்றான்.

“அண்ணா. அண்ணியோட கல்லறயத் தொறந்துட்டோம். பாப்பா குழிக்குள்ள நிக்கிது. அவங்கம்மா பைப்புல தட்டிக்கினே இருந்தாங்க, நீ வுட்டுட்டு வந்துட்டன்னு சொல்லுது. நெஜமா?”

“கொயந்த எதுனா ஒளறும். நான்தான் சொன்னேனே, அந்த நிமிசமே...”

“பொய்!” நிஷா குழிக்குள்ளிருந்து கத்திய கத்தலில் ஏரிக்கரைக் கொக்குகள் எழும்பின. “பொய்! பொய்! பொய்!”

போனில் இயந்திர இரைச்சல் குறைந்தது. எங்கேயோ ஒரு கதவு சாத்தப்பட்டது. அவன் வைத்துவிட்டானோ என்று மலர்க்கொடி போனைப் பார்த்தாள். வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

பிறகு இரும்பில் இரும்பு படுகிற சத்தம். டக் டக். ஒரு நிறுத்தம். டக்.

நிஷாவின் உடம்பு விறைத்தது. செங்கேணி சிலுவையைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும்.

“இப்டித்தானமா தட்டினா?” என்றது போன். அந்தக் குரலைத் தன் அண்ணனுடையது என்று மலர்க்கொடியால் நம்ப முடியவில்லை. “எனக்கும் கேட்டுச்சு பாப்பா. ராத்திரி முச்சூடும் கேட்டுச்சு. நானும், பக்கத்து வூட்டு ஆளுங்களும் வெறுங்கையால கல்லப் பொறுக்கினோம். மேல சுட்டுக்கினே இருந்தானுங்க. முடியல. ஏணி போட்டு உன்னாண்ட ஏறினா, நீ தூங்கிட்ட. நீ தட்டிக்கினு இருந்த கல்ல எடுத்து உனுக்குப் பதிலா நான்தான் தட்டினேன். விடியச்சொல்ல நின்னு போச்சு. அப்பறமும் தட்டினேன் பாப்பா. அவ தட்டல. பஸ்ஸு வந்து கூப்புட்டானுங்க, அப்பவும் தட்டினேன். தட்டல. அதுக்கப்பறம்தான் உன்ன அவ சேலையில சுத்தித் தூக்கினேன். எப்டிமா இதச் சொல்லுவேன் உன்னாண்ட?”

அழுகிறான் என்பது எல்லோருக்கும் கேட்டது.

“ஏன் என்ன எய்ப்பல?” என்றாள் நிஷா. “தட்றது நிக்கச்சொல்ல ஏன் என்ன எய்ப்பல?”

“எய்ப்பியிருக்கணும்மா.”

“உன்னாண்ட பேச மாட்டேன். போ. எப்பவும் பேச மாட்டேன். போ!” என்று கத்தி, கைக்குக் கிடைத்த மண்ணை எல்லாம் வாரிப் போனின் மேல் வீசினாள். மலர்க்கொடி போனை விலக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. வீசட்டும். சேர வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் அந்தக் கோபம் போய்ச் சேர்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மண் தீர்ந்தபோது பிள்ளை குழிக்குள்ளேயே உட்கார்ந்து, சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். ஊர் வந்த நாளிலிருந்து அவள் கத்தியிருக்கிறாள், கடித்திருக்கிறாள், அழுது யாரும் பார்த்ததில்லை. மலர்க்கொடி குழிக்குள் இறங்கி, ஒட்டி உட்கார்ந்தாள். தமிழரசன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இரண்டு பேர் தலையிலும் போட்டான்.

அன்று சாயங்காலமே நிஷா தூங்கினாள். சேலையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, அடித்துப் போட்ட மாதிரி. யாரும் உருவவில்லை.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது கதை. அடுத்த நாளும் தட்டு பறந்தது. அப்பன் போன் வந்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் பைப்பில் தட்டுவது நின்றது.

கல்லறைத் திருநாளன்று காலையில் தமிழரசன் ஒரு சட்டி கலவையோடு வந்தான். மற்ற கல்லறைகள் வெள்ளையடித்து, செவ்வந்தி மாலையோடு பளிச்சென்று இருந்தன. இது மட்டும் வாய் பிளந்து கிடந்தது. உபதேசியார் அப்படியும் இப்படியும் நடந்தார்.

“காலிப் பெட்டிக்கு நான் எப்டிமா செபம் சொல்றது? அந்தச் சேலையவாவது வெக்கச் சொல்லு.”

“சேல அவளுது. குடுக்க மாட்டா” என்றாள் மலர்க்கொடி.

இந்து தன் கையிலிருந்த பாதி பிஸ்கட்டைப் பெட்டிக்குள் போட்டு, “அத்தைக்கு” என்றாள். உபதேசியார் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

செபம் முடிந்தது. தமிழரசனும் இன்னும் இரண்டு பேரும் கல்லைத் தூக்கி விளிம்பில் நிறுத்தினார்கள். தமிழரசன் திரும்பி, “மூடலாமா நிஷா?” என்று கேட்டான். பிறகு அவளைப் பார்க்காமல், கலவையைக் கிளறிக்கொண்டே, “ஹாஸ்டலுக்கு வரலன்னு சொல்லிட்டேன்” என்று சேர்த்துக்கொண்டான்.

நிஷா குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள். இந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். நிஷா கல்லறைச் சுவரில் தட்டினாள். டக் டக்... டக். காதை வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஜனம் முழுக்கக் கையை நிறுத்திக்கொண்டு பார்த்தது. அவள் அவசரப்படவில்லை. வெகுநேரம் கேட்டாள். விடிகாலையில் அவள் அப்பன் எவ்வளவு நேரம் கேட்டிருப்பானோ, அவ்வளவு நேரம் இருக்கும்.

“நின்னு போச்சு” என்றாள். “மூடு மாமா.”

கல் இறங்கியது. தமிழரசன் விளிம்பெல்லாம் கலவை இழைத்துப் பூசினான். நிஷா வத்தியை ஏற்றித் தலைமாட்டில் வைத்து, காற்றுக்குக் கை மறைத்தாள். இந்து மெல்ல வந்து இன்னொரு பக்கம் கை மறைத்தாள். நிஷா அவளைத் தள்ளவில்லை.

எல்லோரும் கிளம்பினார்கள். மலர்க்கொடி கடைசியாக நின்று கல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்போது அவள் உள்ளங்கைக்குக் கீழே, ஆழத்தில், ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

நிஷா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“பெருச்சாளி அத்தே. பயப்படாத, வா.”